வராத கத்திக்கு ஓர் உறை

மாமாவின் பாராங் கத்தி இதுவரை சிங்கப்பூருக்கு வந்ததில்லை. இனி வரப்போவதும் இல்லை. மலேசியாவின் கோத்தா திங்கிக்கு அப்பால் அவருக்கு இருக்கும் நாலு ஏக்கர் டுரியான் தோட்டத்தில், உரமூட்டை அடுக்கிய கொட்டகையின் தூணில் அடித்த ஓர் ஆணிதான் அதன் இருப்பிடம். நான் இருப்பதோ யீஷூனில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் பதினோராம் தளத்தில். மாதம் ஒருமுறை சனிக்கிழமை விடியுமுன் கடற்பாலத்தைக் கடந்து, லார்க்கினில் பேருந்து மாறி, அந்தத் தோட்டத்தில் ஒன்றரை நாள் வேலை செய்துவிட்டுத் திரும்புவது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. அந்த வேலையில் பாதி நேரம் கத்தி கையில் இருக்கும். மீதிப் பாதி நேரம் அது உடம்பில் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவின் பொருள்.

கத்தியை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாவகாசமாக அளவெடுத்து உறை தைத்துவிட்டுத் திரும்ப எடுத்துச் செல்லலாமே என்று சிலர் கேட்டார்கள். சிங்கப்பூரில் சட்டபூர்வமான காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது சிறையும் பிரம்படியும் கிடைக்கக்கூடிய குற்றம். மலேசியாவிலும் இதே வகைக்கென 1958ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. "தோட்ட வேலைக்கு" என்பது தோட்டத்துக்குள் நிற்கும்போது நல்ல பதில். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லத் தகுந்த பதிலன்று. தவிர, இங்கே அதற்கு வேலையும் கிடையாது. புக்கிட் தீமா, மெக்ரிச்சி காடுகளில் அனுமதியின்றி ஒரு கிளையை வெட்டுவதே குற்றம். புலாவ் உபின் தீவில் கூடாரம் அடிப்பவர்களுக்குங்கூடச் சமையல் கத்திக்கு மேல் எதுவும் தேவைப்படாது. ஆகவே கத்தியை அங்கேயே விட்டுவிட்டு, அதன் வடிவத்தை மட்டும் ஓர் அட்டையில் வரைந்து எடுத்துவந்தேன்.

கத்தியின் அலகு 35 செ.மீ.; பிடி 14 செ.மீ.; பழம் நிறுக்கும் தராசில் எடை 720 கிராம். பாராங்கின் குணமே நுனிப்பக்கம் அகன்று, பிடிப்பக்கம் ஒடுங்கியிருப்பதுதான். இந்தக் கத்தியும் வயிற்றில் 58 மி.மீ. அகலமும், பிடியை ஒட்டிய இடத்தில் 40 மி.மீ. அகலமும் உடையது. எடை முன்பக்கம் சாய்ந்திருப்பதால் ஓங்கும்போது கை நோகாமல் வெட்டு விழும். உறை செய்கிறவனுக்கோ இந்த வடிவம் ஒரு தொல்லை: அகன்ற வயிறு நுழைய வேண்டுமானால் உறையின் வாய் அந்த அகலத்துக்குத் திறந்திருக்க வேண்டும், அப்படித் திறந்திருந்தால், கத்தி முழுவதும் உள்ளே போனபிறகு ஒடுங்கிய பகுதி அந்த வாயில் தொளதொளவென்று ஆடும்.

இதற்கு முன் அந்தக் கத்திக்கு இருந்தது கடையில் வாங்கிய கித்தான் உறை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்குக் கொடுத்த 18 அங்குலக் காட்டுக் கத்தியும் கித்தான் உறையில்தான் தொங்கியது என்பதால், அந்தத் துணியைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஆனால் எங்களுடையது இரண்டு துண்டுகளை ஓரத்தில் ஒற்றைத் தையல் போட்டு மூடிய மலிவுச் சரக்கு. கூர்ப்பக்கம் ஓடும் தையலைக் கத்தி ஒவ்வொரு முறையும் கொஞ்சங் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு நாள் வாழைமட்டைகளைக் கழிப்பதற்காக, இடக்கையால் உறையை அப்படியே முழுப்பிடியாகப் பிடித்துக்கொண்டு வலக்கையால் கத்தியை உருவினேன். நான்கு அங்குல நீளத்துக்குத் தையல் வாய் பிளந்தது. சுண்டுவிரலின் அடியில் குளிர்ந்த கம்பி ஒன்று உரசிச் சென்றதுபோல் இருந்தது. அரை நிமிடம் கழித்துத்தான் இரத்தம் வந்தது. காயம் ஆழமில்லை. ஆனால் அன்றிலிருந்து உறையை முதுகுப்பக்கமாக மட்டுமே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிக்கிறேன்; மற்ற விரல்கள் உறையைச் சுற்றி வளைந்து கூர்ப்பக்கத்துக்குப் போகவே கூடாது. எந்தப் பொருளில் செய்த உறையானாலும், புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டிக்கொடுப்பது இதைத்தான்.

புதிய உறைக்கு முன்மாதிரி தேடியபோது பழைய ஆட்களின் ஏற்பாடுகள் நினைவுக்கு வந்தன. மலாய்க்காரர்கள் இரண்டு மரப்பாதிகளைக் குடைந்து சேர்த்து, பிரம்பு வளையங்களால் கட்டி, கயிற்றில் கோத்து இடப்பக்க இடுப்பில் அணிவார்கள். நம் பனையேறிகள் அருவாப்பெட்டியை இடுப்பின் பின்புறம் கட்டிக்கொண்டு மரம் ஏறுவார்கள். ஏறும்போது நெஞ்சும் தொடையும் மரத்தோடு ஒட்ட வேண்டும் என்பதால் கத்திக்கு வேறு இடமே இல்லை. குடகு மக்கள் அகன்ற ஒடிக்கத்தியை உறையே இல்லாமல், தொடங் என்னும் பித்தளைக் கொளுவியில் முதுகுப்புறம் செருகிக்கொள்வதுண்டு. இந்த மூன்றிலும் பெரிய கத்தி வலது இடுப்பில் நேராகத் தொங்கவில்லை என்பதைக் கவனித்தபிறகுதான், கடை உறைகள் எல்லாம் அந்த இடத்தையே ஏன் தேர்ந்தெடுக்கின்றன என்ற சந்தேகம் எனக்கு வந்தது.

காரணத்தை அளந்தும் பார்த்தேன். என் இடைவாரிலிருந்து அக்குள் வரை ஏறத்தாழ 40 செ.மீ. வலது இடுப்பில் நேராகத் தொங்கும் 35 செ.மீ. அலகை வலக்கையால் முழுவதும் வெளியே எடுக்க வேண்டுமானால், முழங்கை தோளுக்கு மேலே எழும்ப வேண்டும். சிறு கத்திக்கு வசதியான இடம் இவ்வளவு நீளமான கத்திக்கு வித்தை காட்டுகிற இடமாகிவிடுகிறது. இடப்பக்கத்தில், பிடி முன்னும் நுனி பின்னுமாகச் சற்றுச் சாய்த்து மாட்டினால், வலக்கை உடம்பின் குறுக்கே வந்து சாய்வான பாதையில் நீளமாக இழுக்கலாம், தோளுக்கு வேலையில்லை.

அட்டை வடிவத்தை வைத்து 4 மி.மீ. ஒட்டுப்பலகையில் ஒரு பொய்க்கத்தி அறுத்துக்கொண்டேன். உறைக்கு நான் தேர்ந்தெடுத்த பொருள் பிவிசி குழாய். தோல் அழகுதான், ஆனால் நம் ஊர் ஈரத்தில் இரண்டு மாதம் அலமாரியில் கிடந்தால் பூஞ்சணம் பூக்கும், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் இரும்பையும் துருவேற்றும். மரம் நல்ல தேர்வு, ஆனால் குடைவதற்கு என்னிடம் உளியும் இல்லை, அண்டை வீட்டாரிடம் அவ்வளவு பொறுமையும் இல்லை. குழாயை நசுக்கித் தட்டையாக்கினால் கூர்ப்பக்கத்தில் தையலே இருக்காது. மடிப்பு மட்டுமே இருக்கும். என் சுண்டுவிரல் கேட்டதும் அதைத்தான். 50 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாயைத் தட்டையாக்கினால் உள்ளே 70 மி.மீ. அளவுக்கு அகலம் கிடைக்கும், 58 மி.மீ. அலகு போக, முதுகுப்பக்கத்தில் துளையிட்டு வார் மாட்டுவதற்கு ஒரு விரற்கடை இடம் மிஞ்சும்.

முதலில் இரவல் வாங்கிய வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சூடாக்கினேன். அது வேண்டாம். ஓரிடம் இளகுவதற்குள் பக்கத்து இடம் பழுப்பேறி, மூக்கைத் துளைக்கும் நெடி எழுந்தது. பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும், அதை வீவக சமையலறைக்குள் சுவாசிப்பது விவேகமன்று. பிவிசி ஏறத்தாழ 80 பாகையிலேயே இளகத் தொடங்கிவிடும் என்பதால் கொதிக்கும் தண்ணீரே போதும். தீபாவளிக்கு மட்டும் இறங்கும் பெரிய பிரியாணிச் சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, 40 செ.மீ. குழாயை முதலில் ஒரு பாதி, பிறகு மறுபாதி என்று முக்கி, கடைசியில் கரண்டியால் மொண்டு முழுவதும் ஊற்றி, பழைய இட்லித்துணிபோலத் துவண்டதும் தடித்த கையுறையோடு வெளியே எடுத்தேன். செய்தித்தாள் ஒரு சுற்றுச் சுற்றிய பொய்க்கத்தியை உள்ளே செருகி, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே பாட்டியின் அம்மிக்கல்லை ஏற்றினேன். அந்தக் கல் மன்னார்குடியிலிருந்து கப்பலேறி வந்தது. மிக்சி வந்தபிறகு முப்பது ஆண்டுகளாகச் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது.

கால் மணி நேரத்தில் உறை இறுகிவிட்டது. நுனிப்பக்கத்தை மட்டும் மறுபடி இளக்கி நசுக்கி, இரண்டு பித்தளை ரிவெட்டு அடித்து மூடினேன். நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டையை விட்டேன். மழையில் நனைந்த கத்தியை உறையில் போட்டால் தண்ணீர் கீழே வடிந்துபோக வழி வேண்டும், இல்லாவிட்டால் நுனிதான் முதலில் துருப்பிடிக்கும்.

இனி தொங்கவிடுவது. என் கணிப்பில் வசதி, வசதியின்மை எல்லாம் இங்கேதான் தீர்மானமாகிறது. உறை எதனால் செய்தது என்பதற்கு அதில் பங்கு குறைவு. பீச் ரோட்டில் கோல்டன் மைல் உணவங்காடி இருக்கும் கட்டடத்தின் மாடியில், ஆர்மி மார்க்கெட் என்று எல்லோரும் சொல்லும் கடைகளில், 38 மி.மீ. அகலமுள்ள நைலான் வாரும் கொக்கிகளும் வளையங்களும் வாங்கினேன். தைப்பதற்கான குத்தூசி, சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017இல் மூடப்படுவதற்கு முன் அங்கே வாங்கியது. பொய்க்கத்திக்கு எடை இல்லை என்பதால் தூண்டில் ஈயக்குண்டுகளைச் சுற்றிலும் ஒட்டி 720 கிராமுக்குக் கொண்டுவந்து, நுனிப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக வைத்து, இடுப்பில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இரண்டு மாலைகள் நடந்தேன், குந்தினேன், நாற்காலியில் உட்கார்ந்தேன், முக்காலியில் ஏறி இறங்கினேன். என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. "கீழே முட்டை வாங்கப் போகும்போது மட்டும் அதைக் கழட்டி வச்சிட்டுப் போங்க" என்று சொன்னதோடு சரி.

உறையின் வாயை இடைவாரோடு ஒட்டி மாட்டியபோது 14 செ.மீ. பிடி முழுவதும் மேலே நின்றது. குனிந்தால் விலா எலும்பில் குத்தியது, உட்கார்ந்தால் முழங்கையை இடித்தது. சரியென்று 14 செ.மீ. கீழே இறக்கித் தொங்கவிட்டேன். நிற்கும்போது இருப்பதே தெரியவில்லை, ஆனால் குந்தியதும் நுனி தரையில் முட்டி உறையைக் கீழிருந்து தள்ள, பொய்க்கத்தி பாதி வெளியே வந்துவிட்டது. மரப்பலகையாக இருந்ததால் சிரித்தேன். அந்தக் காட்சியை உண்மைக் கத்தியோடு, காய்ந்த தென்னமட்டைகள் கிடக்கும் சரிவில் நினைத்துப் பார்த்தபிறகு, தாழ்வாகத் தொங்கவிடும் ஆசை அடியோடு போய்விட்டது. 7 செ.மீ. இறக்கத்தில் நின்றேன்: பிடியின் தலை இடைவாருக்கு மேல் நாலு விரல் உயரத்தில் நிற்கிறது, விலாவுக்கு எட்டுவதில்லை, குந்தினால் நுனி தரைக்குச் சற்று மேலேயே பின்னால் சாய்ந்துகொள்கிறது. அப்படிச் சாய்வதற்குத் தொங்குவார் ஒரு வளையத்தில் தாராளமாகத் திரும்ப வேண்டும். விறைப்பாகத் தைத்த கண்ணியில் மாட்டினால் உறை உடம்போடு அசையாது, உடம்புதான் உறைக்குத் தக்கபடி அசைய வேண்டியிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை வெறும் உறையை மட்டும் பையில் போட்டுக்கொண்டு கடற்பாலத்தைக் கடந்தேன். கொட்டகையில் ஆணியிலிருந்து கத்தியை எடுத்து உறையில் விட்டேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது, முக்கால் பங்கு போனதும் நின்றுவிட்டது. அழுத்தினேன், அசையவில்லை. பிடிக்குக் கீழே கால் பங்கு அலகு வெளியே நின்றது. மாமா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே பார்த்தார்.

"அகலத்தை அளந்த, நீளத்தை அளந்த. தடிமனை எவன் அளப்பான், மாப்ளே?"

உண்மைதான். அட்டையில் வரைந்தால் அகலமும் நீளமும்தான் வரும். என் ஒட்டுப்பலகை முழுக்க 4 மி.மீ.; கத்தியின் முதுகோ நுனிப்பக்கம் மெலிந்தும், பிடியை ஒட்டிய இடத்தில் 6 மி.மீ. தடித்தும் இருந்தது. அந்தத் தடித்த பகுதி கடைசியாக நுழைவதால், தப்பும் கடைசியில்தான் தெரிந்தது. அத்தை அடுப்பில் கேத்தலைப் போட்டுக் கொடுத்தார். உறையின் மேல்பாதியில் மட்டும் கொதிநீரை ஊற்றி ஊற்றி இளக்கி, ஈரச் செய்தித்தாள் சுற்றிய உண்மைக் கத்தியையே உள்ளே இறக்கி, கிணற்றுத் தண்ணீரால் ஆற்றினோம். இப்போது தாளை உருவிவிட்டுக் கத்தியை விட்டால் பிடி வரைக்கும் போய் மெதுவாக உட்கார்ந்தது. அச்சு எடுத்துவந்து வீட்டில் செய்யும் எண்ணமுள்ளவர்கள், கடைசி வார்ப்பை மட்டும் கத்தி இருக்கும் இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எதிர்பார்த்த ஆட்டம் மட்டும் அப்படியே இருந்தது. நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் டொக் டொக் என்று சத்தம். அதற்கு மருந்து வாசலில் கிடந்த அறுந்த ரப்பர் சிலிப்பரில் கிடைத்தது. அதன் குதிகால் பகுதியில் கட்டைவிரல் அளவு ஒரு துண்டு வெட்டி, உறைவாயின் முதுகுப்பக்கத்தில் வைத்து, மேல் ரிவெட்டோடு சேர்த்து இறுக்கினேன். அகன்ற வயிறு உள்ளே போகும்போது அந்தத் துண்டு அமுங்குகிறது. ஒடுங்கிய பகுதி வந்ததும் மறுபடி புடைத்து முதுகைப் பிடித்துக்கொள்கிறது. கூர்மை படாத பக்கம் என்பதால் அது வெட்டுப்படுவதும் இல்லை. கத்தி நழுவாமலிருக்க, மோட்டார் சைக்கிள் டியூபில் அறுத்த ஒரு வளையம் தொங்குவாரிலிருந்து பிடியின் மேல் ஏறி உட்கார்கிறது. பித்தான்களைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது: வியர்வை பட்டாலும் இறுகிக்கொள்ளாது, கையுறையோடும் கழற்றலாம், அறுந்தால் கொட்டகையிலேயே வேறு டியூப் இருக்கிறது.

இடைவார் போதாத நாட்களும் உண்டு. முதுகில் மருந்துத் தெளிப்பான் ஏறிவிட்டால், அதன் அடிப்பகுதி இடுப்பில் இறங்கி உறையை முன்னால் தள்ளிவிடும். தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணியில்) புருணையின் தெம்புரோங் காட்டுக்குப் போனபோதும் இதே சங்கடத்தைக் கண்டிருக்கிறேன். இடுப்புப்பட்டை உள்ள பெரிய பையும் இடைவாரில் தொங்கும் எதுவும் ஒரே எலும்புக்குப் போட்டியிடும். அதற்காக வலது தோளிலிருந்து இடது இடுப்புக்குக் குறுக்காக வரும் தோள்வார் ஒன்றும் தைத்துக்கொண்டேன். தெளிப்பானை மாட்டுமுன் அதை முதலில் அணிந்துகொண்டால் இரண்டும் மோதுவதில்லை. தோள்வாரில் மட்டும் விட்டால் குனியும்போது கத்தி முன்னால் ஊசலாடி வந்து முழங்காலில் அடிக்கும்; ஆகவே உறையின் நடுத்துளையிலிருந்து ஒரு சிறு கயிறு இடைவாருக்குப் போகிறது. எடையைத் தோள் தாங்குகிறது, ஆட்டத்தை இடுப்பு அடக்குகிறது. நாலு மணி நேரம் லாலாங் புல் வெட்டியபிறகு இடுப்பெலும்பின் மேல் முன்பு சிவந்து நிற்கும் தடம் இப்போது இல்லை.

கப்சாய் மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் எந்த ஏற்பாடும் சரிவரவில்லை. உட்கார்ந்தால் நுனி இருக்கையில் முட்டுகிறது, பின்னால் தள்ளினால் புகைக்குழாய்ப் பக்கம் போகிறது. பிவிசி அந்தச் சூட்டில் என்ன ஆகும் என்பது பிரியாணிச் சட்டி கண்ட எனக்குத் தெரியும். வண்டியில் ஏறுமுன் கழற்றி, முன்கூடையில் பிடி பின்பக்கமாக இருக்கும்படி வைத்துக் கட்டிவிடுகிறோம்.

ஆறு மாதம் ஆகிறது. கூர்ப்பக்க மடிப்பின் உட்புறத்தில், கைவிளக்கு அடித்துப் பார்த்தால் ஒரு மெல்லிய கோடு பள்ளமாகத் தெரிகிறது. ஒரு மில்லிமீட்டர் இருக்கலாம். குழாயின் சுவர் 2 மி.மீ. என்பதால் ஒவ்வொரு பயணத்திலும் அதைப் பார்த்துக்கொள்கிறேன். இன்னும் ஆழமானால் வேறு குழாய். பித்தளை ரிவெட்டுகள் வியர்வையில் பச்சை பூத்துவிட்டன, அடுத்ததில் துருப்பிடிக்காத எஃகு. கத்திக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதையும் நிறுத்திவிட்டேன். சிலிப்பர்த் துண்டில் பிசுபிசுத்து மண்ணைப் பிடிக்கிறது. தையல் இயந்திர எண்ணெய் நாலு சொட்டு போதும்.

மாமா முதலில் கேலி செய்தாலும், நான் இல்லாத நாட்களில் உறை ஆணியில் இருப்பதில்லை என்று அத்தை சொல்கிறார். போன மாதம் மாமா தம்முடைய இன்னொரு கத்தியை, அகலம் குறைந்த நீளமான ஒன்றை, மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அட்டையில் அதை வரைந்துகொண்டேன். வரைந்த கோட்டுக்கு வெளியே, முதுகுப்பக்கம் மூன்று இடங்களில் அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறேன்: பிடியருகே 5.5 மி.மீ., நடுவில் 4 மி.மீ., நுனியருகே 2.5 மி.மீ.